பல்லுக்கு மட்டும் பில்: இங்கிலாந்தில் என்.எச்.எஸ். டென்டிஸ்ட் கிடைக்காதது ஏன்?

"அங்க வைத்தியத்துக்குக் காசே கிடையாதாமே?" லண்டனிலிருந்து விடுமுறைக்கு ஊர்ப்பக்கம் போகிறவர்களிடம் ஒரு சித்தப்பாவோ பெரியம்மாவோ இதைக் கேட்காமல் விடுவதில்லை. பெரும்பாலும் உண்மைதான். பிரசவமோ, இதய அறுவை சிகிச்சையோ, புற்றுநோயோ, எதற்கும் கடைசியில் பில் என்று ஒன்று வராது. ஆனால் அப்படிப் பெருமையாகத் தலையாட்டிய ஆளே மறுநாள் காலையில் தெருமுனை டென்டல் கிளினிக்கில் போய் உட்கார்ந்திருப்பார். ஆறு மாதமாகப் பொறுத்துக்கொண்ட கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்து, கேப் போட்டுக்கொண்டுதான் விமானம் ஏறுவார்.

பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் பல் மட்டும் ஏன் இப்படித் தனியாக விடப்பட்டிருக்கிறது? இரண்டு கேள்விகள் இதில் கலந்து கிடக்கின்றன. ஒன்று, ஏன் காசு கேட்கிறார்கள்? இன்னொன்று, காசு கொடுக்கத் தயாராக இருந்தாலும் ஏன் டாக்டர் கிடைப்பதில்லை? இரண்டாவதற்கு எல்லோரும் சொல்லும் பதில் "டென்டிஸ்ட் பற்றாக்குறை" என்பது. அது பாதிகூடச் சரியில்லை. 2024 செப்டம்பரில் என்.எச்.எஸ். நிலைமையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்த அறுவை சிகிச்சை நிபுணர் லார்ட் டார்ஸி, நாட்டில் டென்டிஸ்டுகள் போதுமான அளவு இருக்கிறார்கள், என்.எச்.எஸ். வேலை செய்ய விரும்புகிறவர்கள்தான் போதவில்லை என்றே எழுதினார். ஏன் விரும்புவதில்லை என்று பார்த்தால், அரசு அவர்களுக்குப் பணம் கொடுக்கும் கணக்கில் போய்த்தான் நிற்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கைப் பிரித்துக் காட்டுவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் விலை. இங்கிலாந்தில் பல் சிகிச்சைக் கட்டணம் மூன்று படிகளாக இருக்கிறது; 'பேண்ட்' என்பார்கள். 2025 ஏப்ரலில் தொடங்கிய வருடத்தில் முதல் பேண்டுக்கு 27.40 பவுண்டு. பரிசோதனை, எக்ஸ்ரே, தேவைப்பட்டால் பல் சுத்தம் செய்வது எல்லாம் இதில் அடக்கம். இரண்டாவதற்கு 75.30 பவுண்டு. சொத்தையை அடைப்பது, பல் பிடுங்குவது, ரூட் கெனால் இதில் வரும். மூன்றாவதற்கு 326.70 பவுண்டு. கேப், பிரிட்ஜ், பல்செட் இதில் சேரும். ஒரு சிகிச்சைச் சுற்றுக்கு ஒரு கட்டணம்தான். ஒரு பல்லை அடைத்தாலும் ஐந்து பல்லை அடைத்தாலும் நோயாளிக்கு அதே இரண்டாம் பேண்ட் கட்டணம்தான். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் முறை வேறு. உதாரணமாக ஸ்காட்லாந்தில் பரிசோதனை எல்லோருக்கும் இலவசம், 26 வயதுக்குள் இருந்தால் சிகிச்சையும் இலவசம். இங்கே பேசுவது இங்கிலாந்தை மட்டும்.

இந்தக் கட்டணம் யாருக்கு இல்லை என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள், முழுநேரம் படிக்கும் 18 வயதுக்காரர்கள், கர்ப்பிணிகள், குழந்தை பெற்று ஒரு வருடம் ஆகாதவர்கள், சில வகை அரசு உதவித்தொகை பெறுகிறவர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் அந்த "சில வகை" என்ற இடத்தில் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகை வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் விலக்கு கிடையாது. கடைசி மாதக் கணக்கில் அவர்கள் சம்பாதித்தது 435 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். குழந்தை இருந்தால், அல்லது உடல்நிலையால் வேலை செய்ய முடியாதவர் என்ற பிரிவில் இருந்தால், 935 பவுண்டுக்குள். அந்த மாதம் கடையில் நாலு மணி நேரம் கூடுதலாக நின்று வேலை செய்திருந்தால் விலக்கு போய்விடும். ரிசப்ஷனில் நீட்டும் படிவத்தில் இதையெல்லாம் யோசித்துச் சரியான பெட்டியில் டிக் அடிக்க வேண்டியது நோயாளியின் பொறுப்பு. தப்பாக அடித்துவிட்டால் சில மாதம் கழித்து வீட்டுக்குக் கடிதம் வரும்: கட்டணத்தையும் கட்டு, அதற்கு மேல் 100 பவுண்டு வரை அபராதமும் கட்டு என்று. ஆங்கிலம் சரளமாகப் படிக்காத அம்மா அப்பாக்களுக்கு அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்த பிள்ளைகளுக்கு இந்தக் கடிதத்தின் அருமை தெரியும். குறைந்த வருமானம் இருந்தும் எந்த உதவித்தொகையும் வாங்காதவர்கள் தனியாக ஒரு நீண்ட படிவம் நிரப்பி, முழு விலக்குக்கோ பகுதி விலக்குக்கோ சான்றிதழ் வாங்கலாம். அப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது.

காசு கேட்பது எப்போது தொடங்கியது என்றால், கிட்டத்தட்ட ஆரம்பத்திலேயே. 1948 ஜூலை 5 அன்று என்.எச்.எஸ். தொடங்கியபோது பல் சிகிச்சை முழுக்க இலவசம். அன்றைய பிரிட்டனின் வாயைத் திறந்து பார்த்திருந்தால் பயந்திருப்பீர்கள். நடுத்தர வயதிலேயே எல்லாப் பல்லையும் பிடுங்கிவிட்டுச் செட் மாட்டிக்கொள்வது தொழிலாளர் குடும்பங்களில் சாதாரணம். கல்யாணத்துக்கு முன் பெண்ணின் பற்களை மொத்தமாக எடுத்துவிட்டு, பின்னால் கணவனுக்குச் செலவு வைக்காமல் இருக்கட்டும் என்று பல்செட்டைப் பரிசாகக் கொடுத்த கதைகளும் உண்டு. 1968-ல் எடுத்த ஆய்விலேயே இங்கிலாந்து, வேல்ஸ் பெரியவர்களில் 37 சதவீதம் பேருக்குச் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்ட நாட்டில் "பல்செட் இலவசம்" என்று அறிவித்தால் என்ன ஆகும்? கூட்டம் அலைமோதியது. செலவு மதிப்பீட்டைத் தாண்டி ஓடியது.

1951-ல் நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கெல் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் கொண்டுவந்தார். என்.எச்.எஸ்.ஸை உருவாக்கிய அனூரின் பெவன் அதை எதிர்த்து அமைச்சர் பதவியையே விட்டு விலகினார். பிற்பாடு பிரதமரான ஹெரால்ட் வில்சனும் அவரோடு வெளியேறினார். அடுத்த ஆண்டு, ஆட்சி மாறியபின், பல் சிகிச்சைக்கே ஒரு பவுண்டு கட்டணம் விதிக்கப்பட்டது. அதற்குப் பின் வந்த எந்த அரசும், தொழிற்கட்சி அரசுகள் உட்பட, அதை எடுக்கவில்லை. இலவச மருத்துவம் என்ற கொள்கையில் விழுந்த முதல் ஓட்டைகளில் ஒன்று பல்லில் விழுந்தது.

ஊரில் பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம்: 'என்.எச்.எஸ். டென்டிஸ்ட்' என்றால் அரசு ஊழியர் இல்லை. பல் மருத்துவமனைகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான சமூகப் பல் சேவையிலும் வேலை செய்யும் சிலரைத் தவிர, மற்றவர்கள் சொந்தமாகக் கிளினிக் நடத்துகிறவர்கள், அல்லது அப்படி ஒரு கிளினிக்கில் இருக்கிறவர்கள். இடம், நாற்காலி, எக்ஸ்ரே மெஷின், நர்ஸ் சம்பளம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அரசு அவர்களிடம் வேலையைக் காண்ட்ராக்டுக்கு வாங்குகிறது. காலையில் என்.எச்.எஸ். நோயாளி, மதியம் பிரைவேட் நோயாளி என்று அதே நாற்காலியில் பார்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

2006 வரை அந்தக் காண்ட்ராக்ட், செய்த வேலைக்குக் கூலி என்ற கணக்கில் இருந்தது. நானூறுக்கும் மேற்பட்ட சிகிச்சைகளுக்குத் தனித்தனி விலைப்பட்டியல். நோயாளி அதில் 80 சதவீதம் கட்டுவார், உச்சவரம்பு 384 பவுண்டு. ஒவ்வொரு பல்லுக்கும் காசு என்பதால் அடைக்கத் தேவையில்லாததையும் அடைக்கிறார்கள் என்ற புகார் நெடுநாளாக இருந்தது. இன்னொரு பக்கம், 1992-ல் அரசு அந்த விலைகளை 7 சதவீதம் வெட்டியதும் ஏராளமான டென்டிஸ்டுகள் கோபித்துக்கொண்டு பிரைவேட் பக்கம் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. 1999-ல் பிரதமர் டோனி பிளேர், இரண்டே வருடத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு போன் செய்தால் என்.எச்.எஸ். டென்டிஸ்டைப் பார்க்கலாம் என்று கட்சி மாநாட்டில் வாக்குக் கொடுத்தார். 2004 பிப்ரவரியில் ஸ்கார்பரோ என்ற கடலோர ஊரில் ஒரு புது என்.எச்.எஸ். பல் கிளினிக் திறந்தபோது நூற்றுக்கணக்கானவர்கள் தெருவில் வரிசையில் நின்றார்கள். அந்தப் படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது.

இந்த அவமானத்தைத் தீர்க்கத்தான் 2006 ஏப்ரலில் புதுக் காண்ட்ராக்ட் வந்தது. இன்றைய சிக்கல் முழுவதற்கும் அடித்தளம் அதுதான்.

புதுக் கணக்கின் பெயர் யூ.டி.ஏ. பல் சிகிச்சைக்கான ஒரு 'யூனிட்'. முதல் பேண்ட் சிகிச்சை செய்தால் டென்டிஸ்டுக்கு 1 யூனிட், இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 12. ஒவ்வொரு கிளினிக்கும் வருடத்துக்கு இத்தனை யூனிட் செய்து கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம். பணம் மாதாமாதம் வந்துவிடும். வருடக் கடைசியில் கணக்குப் பார்த்து, இலக்கில் 96 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மிச்சப் பணத்தை அரசு திரும்ப வாங்கிக்கொள்ளும். அதிகமாகச் செய்தால்? ஒரு சின்ன வரம்புக்கு மேல் செய்வதற்குக் காசு கிடையாது. அதனால்தான் ஜனவரி, பிப்ரவரி வந்தால் சில கிளினிக்குகள் "இந்த வருட என்.எச்.எஸ். முடிந்தது, ஏப்ரலில் வாருங்கள்" என்பார்கள். வேறு சில கிளினிக்குகள் அதே மாதங்களில் இலக்கை எட்ட மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு என்பதும் எல்லோருக்கும் ஒன்றில்லை. 2004-05 வாக்கில் அந்தக் கிளினிக் எவ்வளவு சம்பாதித்தது, எவ்வளவு வேலை செய்தது என்று பார்த்து வகுத்து வைத்த விலை அது. அன்று ஏதோ காரணத்தால் குறைவாக வந்த கிளினிக்குக்கு இன்றும் குறைவு. பக்கத்துத் தெருக் கிளினிக்குக்கு அதே வேலைக்குப் பத்து பவுண்டு அதிகம் இருக்கலாம். பல வருடம் கழித்து, 2022-ல்தான் குறைந்தபட்சம் 23 பவுண்டு என்று வைத்தார்கள். 2024-ல் அதை 28 ஆக்கினார்கள்.

இப்போது ஒரு கிளினிக்கின் கணக்குப் புத்தகத்தைப் பக்கத்தில் இருந்து பார்ப்போம். யூனிட்டுக்கு 28 பவுண்டு வாங்கும் கிளினிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் 2024, அன்றைய நோயாளிக் கட்டணம் 26.80, 73.50, 319.10.

காலை ஒன்பது மணிக்கு ஒருவர் வருகிறார். வருடா வருடம் வருகிறவர், ஒரே ஒரு சின்னச் சொத்தை. அரை மணி நேரத்தில் அடைத்து அனுப்பியாகிவிட்டது. 3 யூனிட், 84 பவுண்டு. ஒன்பதரைக்கு இன்னொருவர். எட்டு வருடமாகப் பல்லை யாரிடமும் காட்டவில்லை. ஆறு பல் சொத்தை, ஒரு கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் வேண்டும், ஈறும் வீங்கியிருக்கிறது. இவரை முடிக்க மூன்று நான்கு முறை உட்கார வைக்க வேண்டும், எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆகும். 2022 வரைக்கும் இவருக்கும் அதே 3 யூனிட்தான் (அதன்பின் கொஞ்சம் கூட்டினார்கள், அதைப் பின்னால் பார்ப்போம்). ஒரு இட்லி சாப்பிட்டவனுக்கும் ஃபுல் மீல்ஸ் கட்டினவனுக்கும் ஒரே பில் போடும் ஹோட்டலில், முதலாளி யாரை வாசலில் நின்று வரவேற்பார்? ரூட் கெனாலுக்குப் பயன்படுத்தும் ஊசி போன்ற ஃபைல்கள் ஒரு தடவைதான் பயன்படும், அதற்குப் பின் தூக்கிப் போட வேண்டும். அந்தச் செலவும் நர்ஸ் சம்பளமும் வாடகையும் அந்த 3 யூனிட் பணத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது. அடங்காது. நஷ்டம்.

இதனால்தான் புது நோயாளி என்றாலே ரிசப்ஷனில் குரல் மாறுகிறது. வருடக்கணக்கில் டென்டிஸ்ட் கிடைக்காமல் இருந்தவரின் வாயில் வேலை அதிகம் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆக, யாருக்குச் சிகிச்சை அதிகம் தேவையோ அவரைப் பார்த்தால் கிளினிக்குக்குக் கைநட்டம் வரும்படி அரசே ஒரு காண்ட்ராக்ட் எழுதிக் கொடுத்திருக்கிறது. டென்டிஸ்டுகளைப் பேராசைக்காரர்கள் என்று திட்டுவது சுலபம். திட்டுகிறவர்கள் ஒருமுறை இந்தப் பெருக்கல் வகுத்தலைச் செய்து பார்க்கலாம்.

இதே கணக்கில் இன்னொரு விசித்திரம் ஒளிந்திருக்கிறது. நோயாளி கட்டும் கட்டணத்தை டென்டிஸ்ட் கூடுதலாக வைத்துக்கொள்ள முடியாது. அவர் வசூலிக்கும் தொகையை அரசு தான் தரவேண்டியதில் கழித்துக்கொள்ளும். அப்படியானால் மேலே சொன்ன கிளினிக்கில் ஒரு சாதாரணப் பரிசோதனைக்கு அரசு போடும் பங்கு எவ்வளவு? 28-ல் 26.80 போனால் 1.20 பவுண்டு. ஒரு பல்லை அடைத்தால் 84-ல் 73.50 போக 10.50. ஒரு பல்செட்டுக்கு 336-ல் 319.10 போக 16.90. விலக்கு இல்லாத, வேலைக்குப் போகிற ஒரு ஆள் இப்படிப்பட்ட கிளினிக்கில் 'அரசு' சிகிச்சை என்று வாங்குவது ஏறத்தாழ முழுக்க அவருடைய சொந்தக் காசில்தான். வரியிலும் கட்டி, கவுண்டரிலும் கட்டுகிறார். 2006-ல் இதே மூன்று பேண்டுகளுக்கும் கட்டணம் 15.50, 42.40, 189 பவுண்டு என்று இருந்தது. கட்டணம் வருடா வருடம் ஏறியது. அந்த ஏற்றம் பெரும்பாலும் அரசின் சுமையைக் குறைக்கத்தான் போனதே தவிர, கூடுதல் சிகிச்சையாக மாறவில்லை.

மொத்தப் பணமும் அளவுதான். இங்கிலாந்தில் பல் மருத்துவத்துக்கான என்.எச்.எஸ். தொகை பத்தாண்டுக்கும் மேலாக 3 பில்லியன் பவுண்டைச் சுற்றியே நிற்கிறது. விலைவாசி ஏறியதைக் கழித்தால் அது சுருங்கித்தான் இருக்கிறது. 2006 காண்ட்ராக்டில் யூனிட்டுகளின் எண்ணிக்கையே அன்று வந்துகொண்டிருந்த நோயாளிகளை வைத்துப் போடப்பட்டது. அன்று மக்கள்தொகையில் பாதிப் பேர்தான் வந்துகொண்டிருந்தார்கள். ஆகவே எல்லா டென்டிஸ்டும் மனம் மாறி முழுநேரமும் என்.எச்.எஸ். வேலை செய்தாலும்கூட மீதிப் பாதிக்கு வாங்கிவைத்த யூனிட் இல்லை. பொது மருத்துவரான ஜி.பி.யிடம் பதிவு செய்ய ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. டென்டிஸ்டிடம் அப்படி ஒரு உரிமை 2006-லிருந்து கிடையாது. "நான் பத்து வருடமாக இந்தக் கிளினிக்கின் நோயாளி" என்று நாம் நினைத்துக்கொள்ளலாம். சட்டப்படி அந்த உறவு ஒரு சிகிச்சைச் சுற்று முடியும்வரைதான். அப்புறம் இரண்டு வருடம் போகாமல் இருந்தால், கூப்பிடும்போது, "உங்கள் பெயர் லிஸ்டில் இல்லை" என்பார்கள்.

கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தப் போன் பேச்சு மனப்பாடம். "என்.எச்.எஸ்.ல புதுசா யாரையும் எடுக்கறதில்லை." வெயிட்டிங் லிஸ்ட் இருக்கிறதா? "அதுவும் மூடியாச்சு." குழந்தையையாவது? "இப்போதைக்கு இல்லை. பிரைவேட்னா வியாழக்கிழமை காலைல பதினொண்ணுக்கு ஒரு இடம் இருக்கு." அதே கட்டடம், அதே டாக்டர். 2022-ல் பி.பி.சி. நாடு முழுக்க ஏறத்தாழ 7,000 என்.எச்.எஸ். கிளினிக்குகளைத் தொடர்பு கொண்டு கேட்டபோது பத்தில் ஒன்பது கிளினிக்குகள் புதிதாகப் பெரியவர்களை எடுக்கவில்லை, பத்தில் எட்டு குழந்தைகளையும் எடுக்கவில்லை என்று தெரிந்தது. நார்ஃபோக், லிங்கன்ஷயர், டெவன், கார்ன்வால் போன்ற பக்கங்களில் நிலைமை இன்னும் மோசம். அந்த இடங்களைப் பல் மருத்துவப் பாலைவனம் என்றே அரசியல்வாதிகள் பேசுகிறார்கள். லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு இது அவ்வளவாக உறைக்காது. கிளினிக்குகள் நெருக்கமாக இருப்பதால் ஐந்தாறு இடம் கேட்டால் ஒன்று கிடைத்துவிடும். கிழக்குக் கடற்கரையில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்துக் குடிபோன குடும்பத்திடம் கேளுங்கள், அறுபது மைல் ஓட்டிப் போய் பிள்ளைக்குப் பல் காட்டிய கதையைச் சொல்வார்கள்.

கிடைக்காதவர்கள் என்ன செய்கிறார்கள்? தாங்குகிறார்கள். வலி மாத்திரை போடுகிறார்கள். மருந்துக் கடையில் விற்கும் தற்காலிக ஃபில்லிங் கிட் வாங்கி, கண்ணாடி முன் நின்று தாங்களே அடைத்துக்கொள்கிறார்கள். 2023-ல் நாடாளுமன்றத்தின் சுகாதாரக் குழு வெளியிட்ட அறிக்கையில் மேற்கோள் காட்டப்பட்ட கருத்துக்கணிப்பில், பத்தில் ஒருவர் தன் பல்லுக்குத் தானே வைத்தியம் செய்து பார்த்ததாக ஒப்புக்கொண்டிருந்தார். இடுக்கியால் தானே பல் பிடுங்கியவர்கள் பற்றிய செய்திகள் இப்போது அதிர்ச்சியே தருவதில்லை. முகம் வீங்கி ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போனால் ஆன்டிபயாடிக் கொடுத்து, "டென்டிஸ்டைப் பாருங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள். அவர்களிடம் பல் பிடுங்கும் ஏற்பாடு பெரும்பாலும் கிடையாது. என்.எச்.எஸ். உதவி எண்ணான 111-க்குப் போன் செய்து அவசர அப்பாயின்ட்மென்ட் கேட்கலாம், கிடைத்தால் முதல் பேண்ட் கட்டணம்தான். ஆனால் அந்த ஒரு பல்லின் வலியை நிறுத்துவதோடு அது முடிந்துவிடும்.

குழந்தைகள் விஷயம்தான் எனக்குப் பொறுக்க முடியாதது. அவர்களுக்குக் கட்டணம் இல்லை, எனவே இங்கே செலவைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் இங்கிலாந்தில் 5 முதல் 9 வயதுள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவதற்கு மிகப் பொதுவான காரணம் பல் சொத்தை. மயக்க மருந்து கொடுத்துப் பல் எடுப்பதற்காக. ஒரு ஃபுளோரைடு பூச்சில், ஒரு சின்ன அடைப்பில் முடிந்திருக்க வேண்டியதை ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் கொண்டுபோய், பல மடங்கு செலவு செய்து முடிக்கிறார்கள். சொத்தையைத் தடுக்கக் குடிதண்ணீரில் ஃபுளோரைடு கலப்பதிலும் நாடு ஒரே மாதிரி இல்லை: பர்மிங்ஹாமில் 1964-லிருந்து கலக்கிறார்கள், இங்கிலாந்தின் மக்கள்தொகையில் பத்து சதவீதம் பேருக்குத்தான் அப்படிப்பட்ட தண்ணீர் கிடைக்கிறது. (நம்மூர் தருமபுரியில் நிலத்தடி நீரில் அது தானாகவே அதிகம் இருந்து பல்லில் கறை ஏறுகிறது.)

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2008-ல் நாடாளுமன்றக் குழு 2006 காண்ட்ராக்டைக் கடுமையாக விமர்சித்தது. 2009-ல் பேராசிரியர் ஜிம்மி ஸ்டீல் தலைமையில் ஒரு மறுஆய்வு வந்தது. 2011 முதல் சில கிளினிக்குகளில் வேறு முறைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். சோதனை பத்து வருடத்துக்கு மேல் நடந்து 2022-ல் முடிந்தது, எல்லோரும் பழைய யூனிட் கணக்குக்கே திரும்பினார்கள். அந்த வருடக் கடைசியில் ஒரு திருத்தம் வந்தது: மூன்று அல்லது அதற்கு மேல் பல் அடைத்தால் 5 யூனிட், கடைவாய்ப் பல் ரூட் கெனாலுக்கு 7. கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அதற்குள் கோவிட் வந்துபோய், பாதி மனதோடு இருந்தவர்களும் பிரைவேட் பக்கம் சாய்ந்திருந்தார்கள். இலக்கை எட்ட ஆள் இல்லாமல் கிளினிக்குகள் திருப்பிக் கொடுத்த பணம் 2022-23-ல் மட்டும் ஏறத்தாழ 400 மில்லியன் பவுண்டு. வெளியே வரிசை நிற்கிறது, உள்ளே ஒதுக்கிய பணம் செலவாகாமல் திரும்புகிறது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடையாளம்.

2024 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரின் செயின்ட் பால்ஸ் பகுதியில் ஒரு கிளினிக் திறந்தபோது ஸ்கார்பரோ காட்சி மறுபடி நடந்தது. கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போலீஸ் வர வேண்டியிருந்தது. அதே வாரம் அரசு ஒரு மீட்புத் திட்டத்தை அறிவித்தது. இரண்டு வருடமாக டென்டிஸ்டைப் பார்க்காத நோயாளியை எடுத்தால் கிளினிக்குக்கு 15 அல்லது 50 பவுண்டு ஊக்கத்தொகை. டென்டிஸ்ட் இல்லாத இடங்களுக்குப் போகும் 240 பேருக்குத் தலா 20,000 பவுண்டு. ஊர் ஊராகப் போகும் பல் மருத்துவ வேன்கள். வேன் ஓடவே இல்லை. ஊக்கத்தொகைக்குக் குறைந்தது 88 மில்லியன் பவுண்டு செலவானது, அது வந்த பின் புது நோயாளிகளின் எண்ணிக்கை 3 சதவீதம் குறைந்தது என்று 2025 ஏப்ரலில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு சொன்னது. மூன்று மணி நேர நஷ்டத்தை 50 பவுண்டு எப்படி ஈடுகட்டும்? கணக்கை மாற்றாமல் மேலே காசு தூவினால் இதுதான் நடக்கும்.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் இதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பி.டி.எஸ். முடித்து இங்கே வந்திருக்கும் டென்டிஸ்டுகள் பலர். பெரும்பாலும் ஐ.டி. வேலைக்காரரின் மனைவியாகவோ கணவராகவோ, அல்லது மேல்படிப்புக்கு வந்தவர்கள். இங்கே பிராக்டிஸ் செய்ய ஓ.ஆர்.இ. என்ற இரண்டு பகுதித் தேர்வை முடிக்க வேண்டும். சீட்டுகள் குறைவு, ஆன்லைனில் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், தத்கால் டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்கே கை நடுங்கும். செய்முறைத் தேர்வான இரண்டாம் பகுதிக்கு மட்டும் கட்டணம் 4,000 பவுண்டுக்கு மேல். கோவிட் காலத்தில் தேர்வே நின்றுபோனது. தேர்வுக்குக் காத்திருந்த பலர், டென்டிஸ்டுக்கு அடுத்த நிலையில் சிறிய சிகிச்சைகள் செய்யும் டென்டல் தெரபிஸ்டாகப் பதிவு செய்துகொண்டு வேலை பார்த்தார்கள். வெளிநாட்டு டென்டிஸ்டுகளுக்கான அந்த வழியும் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. இப்போது ஊரில் ஐந்து வருடம் பல் பிடுங்கிய அனுபவமுள்ள ஒருவர் இங்கே ஒரு கிளினிக்கில் நர்ஸாக நின்று, டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். அப்படி நிற்பவர்களை விரைவாகப் பதிவுக்குள் கொண்டுவருவது நல்லதுதான். ஆனால் அவர்களும் தேர்வை முடித்து இரண்டு மூன்று வருடம் என்.எச்.எஸ். பார்த்தபின் இதே பெருக்கல் வகுத்தலைப் போட்டுப் பார்த்து பிரைவேட்டுக்குத்தான் போவார்கள்.

விடுமுறையில் ஊரில் பல் பார்த்துக்கொள்வதற்கு வருவோம். இங்கே பிரைவேட்டில் ஒரு கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனாலும் கேப்பும் என்றால் ஆயிரம் பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அதில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். பல் பார்த்துக்கொள்ளத் துருக்கிக்குப் போகும் வெள்ளைக்காரர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். ஆனால் மூன்று வார விடுமுறையில் அவசரமாகச் செய்த ரூட் கெனால் திரும்பி வந்தபின் வலித்தால், இங்கே எந்த டென்டிஸ்டும் அதைத் தொடத் தயங்குவார். என்.எச்.எஸ்.ஸில் செய்த ஃபில்லிங், ரூட் கெனால், கேப் ஆகியவற்றுக்கு ஒரு வருட உத்தரவாதம் உண்டு. அதற்குள் பழுதானால் அதே கிளினிக்கில் இலவசமாகச் சரி செய்ய வேண்டும். ஊரில் செய்துகொள்வதென்றால் போன முதல் நாளே டாக்டரிடம் காட்டி, எக்ஸ்ரே படங்களையும் குறிப்பையும் கையோடு வாங்கி வருவது நல்லது. அந்தச் சித்தப்பாவிடம் ஒன்றையும் சொல்லலாம்: சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவமனை இருக்கிறது. ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்றால் அன்றே யாராவது வாயைத் திறந்து பார்த்துவிடுவார்கள். நார்ஃபோக்கில் இருக்கும் அவருடைய மகனுக்கு அந்த வரிசைகூட இல்லை.

இப்போதைய தொழிற்கட்சி அரசு வருடத்துக்கு 7 லட்சம் கூடுதல் அவசர அப்பாயின்ட்மென்ட் தருவதாக வாக்குக் கொடுத்தது. பின்தங்கிய பகுதிகளில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்குப் பள்ளியிலேயே பல் துலக்கப் பழக்கும் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. 2025 ஜூலையில் வெளியிட்ட பத்தாண்டுத் திட்டத்தில், புதிதாகப் படித்து வரும் டென்டிஸ்டுகள் குறைந்தது மூன்று வருடம் என்.எச்.எஸ்.ஸில் வேலை செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கப் போவதாகச் சொன்னது. அந்த வருடக் கடைசியில், அவசர நோயாளிகளுக்கும் வாய் முழுக்கச் சிக்கல் உள்ளவர்களுக்கும் கிளினிக்குக்குக் கூடுதல் பணம் தரும் மாற்றங்கள் 2026 ஏப்ரலிலிருந்து வரும் என்று அறிவித்தது. எட்டு வருடமாகப் பல் காட்டாத அந்த ஒன்பதரை மணி நோயாளியைப் பார்த்தால் நஷ்டம் என்ற நிலையை மாற்ற நேரடியாகக் கை வைத்திருக்கிறார்கள், அது சரியான இடம்தான். ஆனால் இதெல்லாம் இருக்கிற பட்ஜெட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். சிக்கலான நோயாளிக்குக் கூடுதலாகப் போகும் ஒவ்வொரு பவுண்டும், வலி எதுவும் இல்லாமல் சும்மா ஒரு பரிசோதனைக்கு வருகிறவரின் யூனிட்டிலிருந்துதான் எடுக்கப்படும். அவருக்கு வருடா வருடம் பரிசோதனை தேவையில்லை, ஆபத்துக் குறைந்தவர்களை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று 2004-லிருந்தே வழிகாட்டுதல் இருக்கிறது. ஆனால் இரண்டு வருடம் வராமல் இருந்தவரின் பெயரைத்தான் கிளினிக்குகள் லிஸ்டிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கின்றன.